பாதி போன பிறகு

சாலைக் கடைத்தெருவில் குடை வாங்கப் போன எங்கள் அலுவலகத்து மேடம், கடைக்காரர் விரித்துக் காட்டிய புதுக் குடைகளில் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. கடைக்காரரின் சொந்தக் குடை எது, அதைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்டார். மூலையில் சாய்த்து வைத்திருந்த பழைய குடையை எடுத்து விரித்து, கம்பிகள் சேருமிடத்தில் துருவைச் சுரண்டி, துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இது எத்தனை மழைக்காலம் பார்த்தது என்று விசாரித்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். அவரோடு வந்தவன் என்பதை மறைக்க முடியாதபடி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் சொன்னார்: "புதுசுல எது சார் நன்னா இல்லாம இருந்திருக்கு? பாதி போனதுக்கப்புறம் என்ன மிச்சம் இருக்குன்னுதான் பாக்கணும்."

இதை அவர் வாயால் நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். தம்பானூரில் ஒரு ஓட்டலில் சாப்பாடு பிரமாதம் என்று நான் சொன்னபோது, பன்னிரண்டரைக்குப் போகாமல் மூன்றரை மணிக்குப் போனார். ஆறிய சாம்பாரையும் அடியில் கிடந்த அவியலையும் சாப்பிட்டுவிட்டு வந்து, பரவாயில்லை, நீங்கள் சொன்னது சரிதான் என்றார். வீடு மாற நினைத்தபோது மிதுன மாத மழை கொட்டுகிற நாளாகப் பார்த்துப் போய், சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே ஒவ்வொரு அறையாக நடந்தார். வீட்டுக்காரர் பயந்துபோனார். கடைசியில் எந்த வீடும் பிடிக்காமல், மேற்கே கோட்டையில் கோயிலை ஒட்டிய பழைய தெருவிலேயே இருந்துகொண்டார்.

மகளுக்கு வரன் பார்த்த கதை எங்கள் அலுவலகத்தில் பிரசித்தம். பையன் திருநெல்வேலி. குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வீட்டுக்கு வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்று, பஸ் வந்து இறங்குகிற நேரத்துக்குத் தம்பானூர் ஸ்டாண்டுக்கே போய்விட்டார். கசங்கிய சட்டையோடு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த பையனுக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நின்று, அவன் எப்படிப் பேசுகிறான் என்பதை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து சம்மதம் சொன்னார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று விளங்கவில்லை.

எனக்கு அவர்மேல் முதலில் எரிச்சல்தான் இருந்தது, மரியாதை பிறகு வந்தது. நாகர்கோவிலில் என் அண்ணன் இறந்தபோது அலுவலகமே திரண்டு வந்தது, அவர் மட்டும் வரவில்லை. எனக்கு மனசில் தைத்தது. ஐம்பது நாளுக்குமேல் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கரமனையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அன்னிக்கு எல்லாரும் வந்திருப்பா. இப்போ யாரும் வரமாட்டா. அதான் இப்போ வந்தேன்" என்றார். அண்ணன் செத்து அதுவரை அழாதவன் அன்று அவர் முன்னால் அழுதேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்துவிட்டு, ஐந்து மணி பஸ்ஸுக்குப் போனார்.

நாங்கள் வேலை பார்த்தது பாப்பனங்கோட்டில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடம். ஏசி இயந்திரங்களையும் அவற்றுக்குள் ஓடுகிற கேஸையும் சோதித்துச் சொல்வது தொழில். அவர் சோதிப்பவர், நான் அவர் குறித்துக் கொடுப்பதை அறிக்கையாக எழுதுபவன். அவருடைய குறிப்பு வெட்டிவைத்த விறகு மாதிரி இருக்கும். அதை அடுக்கிக் கட்டி ஒப்பேற்றுவது என் வேலை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருடங்களில் எங்களுக்கு வந்ததெல்லாம் புதுக் கேஸ்கள்தான். பழைய கேஸ் நன்றாகக் குளிர வைக்கும், ஆனால் கசிந்து வெளியே போனால் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும். பூமியைச் சூடாக்காத கேஸ்கள் உண்டு, அவற்றில் பல தீப்பிடிக்கும். இரண்டு தொல்லையும் இல்லாதது வேண்டும் என்று, இரண்டு மூன்று வாயுக்களைக் கலந்து புதுப் பெயர் வைத்துக் கொண்டு வந்தார்கள். கலவையில் ஒன்று எரியக்கூடியதாக இருக்கும், இன்னொன்று அந்தத் தீயை அடக்கும். சேர்ந்திருக்கிறவரை எரியாது.

சிக்கல் கசிவில்தான் இருக்கிறது. ஏசியில் ஓட்டை விழுந்தால் கலவை முழுக்க ஒரே அளவில் வெளியேறுவதில்லை. எது சீக்கிரம் ஆவியாகுமோ அதுதான் அதிகமாக வெளியே போகும். தீயை அடக்குகிறது முந்திக்கொண்டு போய்விட்டால், உள்ளே மிச்சமிருப்பது வேறு சரக்கு. ஆகவே அவர் புது சிலிண்டரிலிருந்து எடுத்துச் சோதித்த முடிவை நம்பவே மாட்டார். சிலிண்டரைத் தராசின்மேல் நிறுத்தி, மேலிருந்து ஆவியாகப் பாதி எடை போகும்வரை மெதுவாகத் திறந்து விட்டு, மிச்சத்தை எடுத்துத்தான் பார்ப்பார். போகிற பாதியையும் காற்றில் விடமாட்டார். பனிக்கட்டியில் வைத்த காலி சிலிண்டரில் பிடித்து அடைப்பார். எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். முதலாளி தங்கமான மனுஷன், ஆனால் அவசரக்காரர். சோதனைக் கூடத்து வாசலில் வந்து வந்து எட்டிப் பார்ப்பார்.

எங்கள் கூடத்தில் ஓர் அறிக்கை செல்லுபடியாக ஒரே ஒரு கையெழுத்து வேண்டும். அது யாருடைய கையெழுத்து என்பதை, எங்களுக்குத் தரச்சான்று கொடுக்கும் அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு முன்னால் இரண்டு ஆண்கள் அந்த இடத்தில் இருந்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேருக்கும் சோதனை செய்து கொடுத்தது அவர்தான். பதினாறு வருடம் கழித்து அவருக்கு அந்த உரிமை வந்தது. வந்த அன்று கிழக்கேகோட்டைக் கடையில் மைப்பேனா ஒன்று வாங்கி வந்தார். ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் நடக்கிற அலுவலகத்தில் தமிழில், முழுப் பெயரையும், ஓர் எழுத்துக்கூடச் சிதையாமல் போட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று கேலி செய்தேன். படிக்கிறவாளுக்கு யார் போட்டதுன்னு தெரியணுமே என்றார். அந்த சந்தோஷத்தை அவர் மறைக்கவே இல்லை.

உரிமை வந்து எட்டாவது மாதம் அந்தக் கலவை வந்தது. இறக்குமதி செய்தவர்கள் பெரிய புள்ளிகள். பழைய ஏசிகளை மாற்றாமலே இந்தக் கேஸை நிரப்பிக்கொள்ளலாம், பூமிக்கும் நல்லது, தீயும் பிடிக்காது என்பது அவர்கள் கட்சி. ஊருக்குள் ஒரு நர்ஸிங் ஹோம் தன்னுடைய டயாலிஸிஸ் ஹால் முழுக்க அதை நிரப்பக் காத்திருந்தது. எங்கள் அறிக்கை மட்டும்தான் பாக்கி. சிலிண்டர் வந்ததோ ஆராட்டுக்கு, கோயில் சாமி கடலில் நீராட ஊர்வலமாகப் போகிற திருவிழாவுக்கு, முந்தின நாள்.

ஆராட்டு அன்று மதியத்துக்கு மேல் ஊரில் அலுவலகம் கிடையாது. ஊர்வலம் புறப்படுவது அவர் வீட்டுப் பக்கமாக. நேரத்தோடு போகாவிட்டால் தெருவுக்குள் நுழைய முடியாது, வீட்டில் விருந்தாளிகள் வேறு. அவருடைய உதவியாளர் லீவு. நான் கரமனைக்காரன், எனக்கு அந்தத் தொல்லை இல்லை. பாதி எடை குறையும்வரை உட்கார்ந்திருந்து வால்வை மூட முடியுமா என்று என்னிடம் கேட்டார். சிலிண்டரை நிறுத்தி, வால்வைத் தானே திறந்துவிட்டு, இது ஜில்லிட்டு வேர்க்கும், தராசுக்குள் தண்ணீர் போகாமல் அடியில் துணி போடுங்கள், இருட்டுகிற நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் துணியைப் போட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்கெல்லாம் பாதி எடை குறைந்துவிட்டது. துணி நனையவே இல்லை. பிழிந்து காயப்போடுகிற வேலை மிச்சம் என்று மடித்து வைத்துவிட்டு வால்வை மூடினேன். மறுநாள் காலையில் சீக்கிரமே முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவரும் நல்லதாப் போச்சு என்றார்.

மிச்சமிருந்ததை எடுத்து, காற்றோடு பல அளவில் கலந்து, பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் விட்டு, நடுவில் பொறி கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை. கசிந்த பிறகும் எரியாது என்று நான் எழுதினேன். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மெக்கானிக் வந்தார். விழிஞ்ஞத்துக்காரர், நர்ஸிங் ஹோமில் ஏசி பார்ப்பவர். எல்லா இயந்திரங்களிலும் கேஸை நிரப்பி முடித்தாயிற்று, கம்ப்ரசர் எண்ணெய்யையும் மாற்ற வேண்டுமா என்று மேடத்திடம் கேட்கத்தான் வந்தார். இந்த மாதிரி மெனக்கெட்டு வந்து கேட்கிற மெக்கானிக்கை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அவரும் சந்தோஷமாக விளக்கிவிட்டு, கலவைக் கேஸாச்சே, சிலிண்டரைக் கவிழ்த்துத் திரவமாகத்தானே நிரப்பினீர்கள் என்று கேட்டார்.

மெக்கானிக் சிரித்தார். "கவிழ்க்க வேண்டா சேச்சி. இவங்களோட சிலிண்டருக்குள்ள அடி வரைக்கும் குழல் உண்டு. நேரே வெச்சாலே லிக்விட்தான் வரும். கழுத்துல சின்னதா அம்புக்குறி போட்டிருக்கல்லோ."

அவர் தலையாட்டினார். மெக்கானிக் ஸ்கூட்டரைக் கிளப்பிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஆராட்டு அன்னிக்கு நீங்கோ போட்ட துணி நனைஞ்சுதோ?"

இல்லை என்றேன், ஏதோ சாதித்தவன் மாதிரி. அவர் என் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குப் புரியவில்லை, அவரே மெதுவாகச் சொன்னார். மேலிருந்து ஆவி போனால் உள்ளே திரவம் கொதிக்கும், அதற்கான சூட்டை சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளும், நம் ஊர் ஈரக்காற்றில் சிலிண்டர் வேர்த்துக் கொட்டியாக வேண்டும். துணி காய்ந்திருந்தது என்றால் போனது ஆவி இல்லை, அடியிலிருந்து குழல் வழியாகத் திரவமாகப் போயிருக்கிறது. திரவமாகப் போனால் கலவை அப்படியே சேர்ந்து போகும், மிச்சமும் அப்படியே புதிதாக இருக்கும். வாழ்நாள் முழுக்க மிச்சத்தைப் பார்த்தே பழகியவர், அந்த ஒருதடவை மிச்சம் என்று நினைத்துப் புதிதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"சீக்கிரம் முடிஞ்சுதுன்னு நீங்கோ சொன்னேள். ஏன்னு கேட்டிருக்கணும். நான் சந்தோஷப்பட்டுட்டேன்" என்றார்.

மறுநாள் அதே கலவையில் வேறு சிலிண்டரை எடுத்துத் தலைகீழாக நிறுத்தினார். அப்படி நிறுத்தினால் குழலின் வாய் திரவத்துக்கு மேலே வந்து ஆவி மட்டும் போகும். அரைமணி நேரத்தில் சிலிண்டர் வெள்ளை பூத்தது. துணியை நான் நான்கு தடவை பிழிந்தேன். பாதி போக இருட்டுகிற நேரம் ஆயிற்று. மறுநாள் காலை மிச்சத்தைக் குடுவையில் விட்டுப் பொறி கொடுத்தார். முதல் இரண்டு கலப்பில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் மங்கலான ஒரு நீலம் கம்பி முனையிலிருந்து கிளம்பி, அவசரமே இல்லாமல் அகன்று மேலே ஏறிக் கண்ணாடியைத் தொட்டு அணைந்தது. வெடிக்கவில்லை, சத்தம்கூட இல்லை. 

அந்த ஹாலில் அந்தத் தீ எப்போது வரும் என்று நான் கேட்டேன். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது வராது என்றார். நாளாக ஆகக் கேஸ் கசியும், ஏசி குளிராது, மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவர் ஓட்டையைக் கண்டுபிடித்துக் குழாயை ஊது விளக்கின் தீயால் சூடாக்கி ஒட்டுவார். எரியாத கேஸ் என்று அறிக்கை இருக்கிறது, ஆகவே ஜன்னலைக்கூடத் திறக்கமாட்டார். முகத்தைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்.

முதலாளியிடம் சொன்னோம். அவர் கத்தவில்லை, அறையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அறிக்கையைத் திரும்பப் பெற்றால் இறக்குமதிக்காரர்கள் போய்விடுவார்கள், அது கிடக்கட்டும், மேடத்தின் கையெழுத்து உரிமையைத் தரச்சான்று அலுவலகம் பிடுங்கிவிடும், ஓய்வுபெறும் வயதில் திரும்பக் கிடைக்காது என்று உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். முதலாளி கண்ட வழி இது. பழைய அறிக்கை அப்படியே இருக்கட்டும், கசியாத கேஸைப் பொறுத்தவரை அது சரிதானே. கூடுதல் சோதனை என்று ஒரு பின்னிணைப்பு சேர்ப்போம். இறக்குமதிக்காரர்களிடம் பக்குவமாகப் பேச ஒரு மாதம் கொடுங்கள். அதுவரை வெளியே யாருக்கும் எழுத வேண்டாம். பின்னிணைப்பை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் அதை விருப்பத்தோடு எழுதினேன் என்பதை ஒளிக்க மாட்டேன். அவர் கையெழுத்து போய்விடக் கூடாது என்று எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது. மேற்கண்ட முடிவுகள் சோதிக்கப்பட்ட நிலைமைகளுக்குப் பொருந்துவன, நீண்டகாலக் கசிவின் தன்மை குறித்து விரிவான ஆய்வு நடைபெறுகிறது, அதுவரை வழக்கமான பாதுகாப்பு நடைமுறைகளைக் கடைப்பிடிப்பது உசிதம் என்று ஒரு பத்தி. பொய் ஒன்றும் இல்லை. அதைவிட நயமாக நான் எதையும் எழுதியதில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"ரொம்ப நன்னா எழுதியிருக்கேள் சார். இதைப் படிச்சுட்டு அந்த மெக்கானிக் கையில இருக்கற தீயை அணைப்பாரோ?"

 காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அன்று முழுக்க அவர் வேறு எந்த வேலையும் செய்யவில்லை, அந்த மைப்பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். வயிற்றெரிச்சலாக இருந்தது எனக்கு. மூன்று வாரத்துக்கு முன் அவர் ஒரு மணிநேரம் தாமதமாக வீட்டுக்குப் போயிருந்தால், நான் அந்தத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இது எதுவும் இல்லை.

நர்ஸிங் ஹோம் எங்கள் வாடிக்கையாளர் இல்லை. அறிக்கை இறக்குமதிக்காரர்களுக்குச் சொந்தம், முதலாளியின் வழியாக அல்லாமல் நாங்கள் யாருக்கும் எழுத முடியாது. மறுநாள் காலை அவர் மெக்கானிக்குக்கு போன் செய்து, சும்மா ஒன்று காட்ட வேண்டும், வந்துவிட்டுப் போங்கள் என்றார். முதலாளி அன்று கொல்லத்துக்குப் போயிருந்தார். அந்த நாளாகப் பார்த்துத்தான் கூப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

மெக்கானிக் வந்தார். மேடம் அவரைக் குடுவைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். நர்ஸிங் ஹோமில் நிரப்பிய அதே கேஸ், பாதி கசிந்த பிறகு உள்ளது என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் பொறி கொடுத்தார். நீலம் கிளம்பி மேலே ஏறியது. மெக்கானிக் இன்னொரு தடவை என்று கையால் காட்டினார். மேடம் குடுவையைக் காலி செய்து மறுபடி நிரப்பி மறுபடி காட்டினார். மூன்றாவது தடவை முடிந்ததும் மெக்கானிக் எழுந்து தானே விளக்கைப் போட்டார்.

"கழிஞ்ச வாரம் ஒரு மெஷின் லீக்காச்சு சேச்சி. ஹாலுக்குள்ளேயே. நான் நின்னு தீ வெச்சுத்தான் அடைச்சேன்."

"உள்ளே ஆளுகள் இருந்தாளோ?"

"உண்டாயிருந்தது. ஆறு பேர். டயாலிஸிஸ்ல கிடந்தாங்க. கர்ட்டனை இழுத்து விட்டுட்டுச் செஞ்சேன்."

கொஞ்சம்தான் கசிந்திருந்ததாம், அன்று ஒன்றும் ஆகவில்லை. மேடம் குடுவையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  பிறகு மெக்கானிக்கைப் போகாமல் இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்து, கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார். முதலாளி வரட்டும் என்று இழுத்தேன். அவர் வந்தால் நல்லவிதமாகப் பேசுவார், நான் இணங்கிவிடுவேன், அதனால் இப்போதே அடியுங்கள் என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். இன்ன தேதியிட்ட அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். கசிந்த பிறகும் எரியாது என்று எழுதியது தவறு, எரியும். சிலிண்டருக்குள் குழல் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டியது என் கடமை. நிரப்பிய இயந்திரங்களில் தீ வைத்து வேலை செய்யக் கூடாது, கேஸை உடனே எடுத்துவிட வேண்டும். நகல் நர்ஸிங் ஹோமுக்கு, இறக்குமதி செய்தவர்களுக்கு, தரச்சான்று அலுவலகத்துக்கு. எல்லாம் வெட்டிவைத்த விறகுதான். அடுக்கிக் கட்ட எனக்கு இடமே கொடுக்கவில்லை.

பிறகு என் பெயரைச் சொன்னார். சிலிண்டரை அன்று கவனித்தவர் இன்னார், அடியில் போட்ட துணி நனையவில்லை என்பதை இவர் உறுதி செய்கிறார்.

என் கை நின்றுவிட்டது. "எம் பேரு எதுக்கு மேடம்? நான் எழுதுகவன்தானே?"

"துணியைப் பாத்தது நீங்கோதானே. நான் பாக்கல்லையே."

தப்பு உங்களுடையது என்று மேலே எழுதியாகிவிட்டதே, அது போதாதா என்று கேட்டேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. என் மகள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள், முதலாளி என்னை வெளியே அனுப்பினால் எங்கே போவேன் என்றுதான் அந்த நேரத்தில் ஓடியது. என் வேலையை அவர் காப்பாற்றித் தருவார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் காப்பாற்றவில்லை.

"தப்பு என் பேர்லதான் இருக்கு. உங்க பேர் தப்புக்காக இல்லை. துணி காஞ்சிருந்துதுன்னு ஒருத்தர் சொன்னாத்தான், ஏன் தப்பாப் போச்சுன்னு படிக்கறவாளுக்குப் புரியும். இல்லேன்னா நான் பயந்துண்டு மாத்திச் சொல்றேன்னு நெனச்சுப்பா, அந்த கேஸ் அங்கயேதான் இருக்கும்."

ஜன்னலுக்கு வெளியே மெக்கானிக் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பெயரை அடித்தேன். அவர் ஒவ்வொரு நகலிலும் நிதானமாக, முழுப் பெயரையும் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று ஊதினார். ஒன்றை உறையில் போட்டு மெக்கானிக் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, எனக்கு அழணும்போல இருக்கு, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன்.

இரண்டு நாளில் மெக்கானிக் எல்லா இயந்திரங்களிலும் கேஸை எடுத்துவிட்டார். அந்த ஹாலில் ஒரு மாதம் மின்விசிறியும் ஜன்னல் காற்றுமாக ஓட்டினார்களாம், நோயாளிகள் எங்களைத் திட்டியிருப்பார்கள். இறக்குமதிக்காரர்கள் போய்விட்டார்கள். முதலாளி என்னை வெளியே அனுப்பவில்லை, ஆனால் ஓணம்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. மேடத்தின் கையெழுத்து உரிமையை அடுத்த மாதமே எடுத்துக்கொண்டார்கள், திரும்பக் கொடுக்கவில்லை. ஓய்வுபெறும்வரை இன்னும் மூன்று வருடம் அதே குடுவைக்கு முன்னால் உட்கார்ந்து சோதித்தார். அதை நான் எழுதினேன், வேறொருவர் கையெழுத்துப் போட்டார். இப்போது மகளோடு திருநெல்வேலியில் இருக்கிறார்.

அவர்மேல் எனக்கு ரொம்ப நாள் வருத்தம் இருந்தது. அது எப்போது போயிற்று என்று தெரியவில்லை. போன வருடம் நானும் ஓய்வுபெற்றேன். இருபத்தைந்து வருடத்தில் அந்தக் கூடத்திலிருந்து போன அறிக்கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், எல்லாம் நான் எழுதியவை. எழுதியவன் பெயரை அறிக்கையில் போடுகிற வழக்கம் இல்லை. என் பெயர் இருக்கிற காகிதம் அந்தத் திரும்பப் பெறும் கடிதம் ஒன்றுதான், அவர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டதும் அதில்தான். வேலையை விட்டு வரும்போது ஒரு நகல் எடுத்துக்கொண்டு வந்தேன்.